ஆம்ப்ளிபையரில் இரைச்சல்: ஃபெரைட் கோர் எங்கே உதவும், எப்படி மாட்டுவது

பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளின் முனையில் பெருவிரல் பருமனில் கருப்பாக ஒரு உருளை இருக்கும். சில லேப்டாப் சார்ஜர் வயர்களிலும் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதுதான் ஃபெரைட் கோர். அதையே திறந்து மூடும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத் தனியாகவும் விற்கிறார்கள். வீட்டில் ஹோம் தியேட்டர் இரைந்தால் "ஒரு ஃபெரைட் வாங்கிப் போடு" என்று யாராவது சொல்வார்கள். சிலருக்குச் சத்தம் உடனே நின்றுவிடும். பலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அப்படி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சத்தம், எந்தக் கேபிள் வழியாக வருகிறது என்று பார்க்காமல் மாட்டியவர்கள்.

நாகர்கோவில் பக்கமும் கடலோர ஊர்களிலும் உள்ள வீடுகளை மனதில் வைத்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாலிடரிங் தெரிய வேண்டாம், ஆம்ப்ளிபையரைத் திறக்கவும் வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

கோர் செய்யும் வேலை

இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசும் துத்தநாகமும், அல்லது நிக்கலும் துத்தநாகமும் கலந்து சுட்டெடுத்த பீங்கான் வகைப் பொருள்தான் கேபிளில் மாட்டும் ஃபெரைட். ஃபெரைட்டை 1930இல் டோக்கியோவில் கதோ, தகேய் என்ற இருவர் உருவாக்கினார்கள். அதைத் தயாரிப்பதற்கென்றே 1935இல் தொடங்கிய நிறுவனம்தான் டிடிகே. நம்மில் பலர் பாட்டுப் பதிவு செய்து கேட்ட கேசட்டின் மேல் இருந்த அதே பெயர்.

ஆடியோ கேபிளில் பாட்டு ஒரு கம்பியில் போய் இன்னொன்றில் திரும்பி வருகிறது. இரண்டும் சம அளவில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், கேபிளுக்கு வெளியே அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். கோருக்கு அங்கே வேலையே இல்லை. வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைக்கோ அந்தக் கேபிள் முழுவதும் ஒரு ஆன்டெனா. அந்த அலை எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் மின்னோட்டத்தை உண்டாக்கும். கோர் மறிப்பது இந்த ஒரே திசை மின்னோட்டத்தைத்தான்.

ரேடியோ அலை காதுக்குக் கேட்காதே, பிறகு எப்படிச் சத்தமாகிறது? ஆம்ப்ளிபையருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களும் ஐசிகளும் பலமான அலை உள்ளே வந்தால் டையோடு போல, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற பாகம் போல நடந்துகொண்டு, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துவிடும். அதற்குப் பிறகு அது சாதாரண ஆடியோ ஆகிவிடும். ஸ்பீக்கர் அதையும் பாட்டோடு சேர்த்துப் பாடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவு. இரைச்சலே இல்லாத செட்டில் கோர் மாட்டினால் பாட்டு இனிமையாகிவிடாது. "பேஸ் கூடும், குரல் தெளியும்" என்று சொல்லி விலை கூட்டி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதே போல, முறையாக மாட்டினால் பாட்டின் கூர்மை குறைந்துவிடுமோ என்றும் பயப்பட வேண்டாம். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கோர் வேலை செய்வது மெகாஹெர்ட்ஸ் கணக்கில்.

முதலில் சத்தத்தை அடையாளம் காணுங்கள்

ஒரே சீராக, தாழ்ந்த குரலில் "உம்ம்" என்று வருகிறதா? அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக் கரண்டின் சத்தம். இதற்கு ஃபெரைட்டால் பயனில்லை, பத்து கோர் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையம் உண்டாகியிருக்கும். மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவின் கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து ஆடியோ கேபிள் ஆம்ப்ளிபையருக்குப் போகிற வீடுகளில் இது அதிகம். செட்டாப் பாக்ஸின் பின்னால் டிஷ் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். "உம்ம்" நின்றால் குற்றவாளி அதுதான். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபையர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பல வீடுகளில் குறைந்துவிடும். டிவியிலும் ஆம்ப்ளிபையரிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. அதில் போவது வெளிச்சம் என்பதால் எர்த் வளையத்துக்கு வழியே இல்லை. சத்தம் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள். அது உயிரைக் காக்க இருப்பது.

"ஜ்ஜ்ஜ்" என்று கூர்மையாக வந்து, பேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது மாறினால், ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். மெதுவாகத் திருப்புகிற டிம்மர் வகை ரெகுலேட்டர் மின்னலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்புகிறது. 1, 2, 3 என்று படிப்படியாக விழும் கெபாசிட்டர் வகைக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். அங்கேயும் கோரால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

கோர் உதவுகிற சத்தங்கள் வேறு. எல்இடி ஸ்டிரிப்பின் அடாப்டரோ மொபைல் சார்ஜரோ போட்டதும் தொடங்கும் கரகரப்பு. போன் மணி அடிக்கச் சற்று முன்னால் வரும் "டிட்டி-டிட் டிட்டி-டிட்". டிசம்பரில் வாசலில் ஸ்டாரும் சீரியல் செட்டும் தொங்கவிட்ட பிறகு, அவை மின்னுகிற தாளத்திலேயே வரும் சொரசொரப்பு. வயர்லெஸ் செட்டில் யாரோ பேசும்போது விழும் "டப்". பாட்டுக்கு நடுவே வரும் வானொலிப் பேச்சு. இவை எல்லாம் ரேடியோ அலை வகை.

மிக்ஸியையும் தையல் மெஷின் மோட்டாரையும் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிரஷ் தீப்பொறி பறக்கிற மோட்டார் எதுவானாலும் இரைச்சல் தரும். ஆனால் சட்னி அரைக்கிற இரண்டு நிமிடத்துக்காக மெனக்கெடுவது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எந்த வழியாக உள்ளே வருகிறது?

சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே வால்யூமை முழுவதும் குறையுங்கள். அப்போதும் சத்தம் அதே அளவில் இருந்தால் அது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது. சந்தேகம் ஸ்பீக்கர் வயர் மீதும் கரண்ட் வயர் மீதும் விழ வேண்டும். ஸ்பீக்கர் வயர் வெளியே போகிற வழிதானே, அதில் எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். ஆம்ப்ளிபையரின் வெளியீட்டில் ஒரு பங்கு, திருத்தத்துக்காக உள்ளே திரும்பவும் போகிறது. ஸ்பீக்கர் வயர் பிடித்த அலை அந்த வழியில் ஏறிவிடும்.

வால்யூமோடு சேர்ந்து சத்தமும் கூடிக் குறைந்தால் அது முன்பகுதியில், அதாவது டிவி, செட்டாப் பாக்ஸ், போன் போன்றவற்றிலிருந்து பாட்டை உள்ளே கொண்டுவரும் ஆர்சிஏ, ஆக்ஸ் கேபிள்கள் பக்கம். ஆம்ப்ளிபையரை ஆஃப் செய்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வந்தால் மிச்சம் இருப்பது கரண்ட் வயரும் ஆம்ப்ளிபையரின் உள்பகுதியும்தான்.

இரைச்சலின் பிறப்பிடத்தைத் தேட, பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைவிட நல்ல கருவி கிடையாது. மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். 1053 கிலோஹெர்ட்ஸில் வைக்காதீர்கள். அங்கே 200 கிலோவாட் திறனுள்ள தூத்துக்குடி நிலையம் நம் பக்கம் கணீரென்று கேட்கும். பிறகு ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். எந்த அடாப்டர் பக்கம் போகும்போது இரைச்சல் எகிறுகிறதோ அதைக் கழற்றிப் பாருங்கள். பகலில் மெயின் போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கியும் கேட்கலாம். எல்லாமே ஆஃபாக இருக்கும்போதும் ரேடியோ இரைந்தால் சத்தம் பக்கத்து வீட்டிலோ தெருவிலோ பிறக்கிறது.

பிறப்பிடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரையும் எல்இடி பல்பின் அடிப்பகுதிக்குள் கோர் மாட்ட முடியாது, வேறு பல்பு போடுவதே வழி. மட்டமான சார்ஜரையும் மாற்றிவிடுங்கள். போனை ஆம்ப்ளிபையர் மேல் வைக்கிற பழக்கத்தை விட்டு இரண்டடி தள்ளி வைத்தால் "டிட்டி-டிட்" பெரும்பாலும் போய்விடும். இதற்கெல்லாம் செலவு குறைவு.

கடலோர வீடுகளுக்கு ஒரு வேலை கூடுதல்

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி பக்கம் இருப்பவர்கள் கோர் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். ஆம்ப்ளிபையரின் பின்னாலிருந்து ஒரு ஆர்சிஏ பிளக்கை மெதுவாகச் சுழற்றி உருவுங்கள். வெளி வளையத்தின் பளபளப்பு போய் மங்கியிருக்கும். நடு ஊசியின் அடியில் பச்சையாக ஒரு பூப்பு இருக்கலாம். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் கருப்புக் கோடு விழும். உப்புக்காற்று செய்கிற வேலை இது. இந்தப் படலம் வெறும் அழுக்காக மட்டும் இருப்பதில்லை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே துருவோ களிம்போ படிந்தால் அந்த இணைப்பே ஒரு மட்டமான டையோடாகி, ரேடியோ அலையை அங்கேயே சத்தமாக மாற்றிவிடக்கூடும். அப்படி மாறிய சத்தத்தை எந்தக் கோராலும் பிரிக்க முடியாது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். காய்ந்த பிறகு பிளக்கை நான்கைந்து முறை செருகிச் சுழற்றுங்கள். ஸ்பீக்கர் வயரின் முனை கறுத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியும்படி சீவி முறுக்குங்கள். வருடம் இரண்டு முறையாவது இதைச் செய்யலாம்.

எந்தக் கோர் வாங்குவது?

ஃபெரைட் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கலவையைப் பொறுத்து எந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் என்பது மாறும். அமெரிக்காவின் ஃபேர்-ரைட் நிறுவனம் கலவைகளுக்குக் கொடுத்த எண்களையே உலகம் முழுவதும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள். 31 என்பது 1 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை, 43 என்பது 25 முதல் 300 வரை, 61 என்பது 200க்கு மேல், 75 என்பது 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. ஒன்றே ஒன்று வாங்குவதானால் 31 வாங்குங்கள். வீட்டு இரைச்சல்களில் பெரும்பகுதி அதன் எல்லைக்குள் வந்துவிடும். போன் இரைச்சலுக்கு 61 பொருத்தம்.

பொட்டலமாக மலிவு விலைக்கு விற்கும் கிளிப் கோர்களில் கலவை எண் எழுதியிருக்காது. பரிசோதனைக்கு அவை போதும், ஆனால் எதையும் தீர்க்காவிட்டால் "ஃபெரைட்டே வேஸ்ட்" என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய மானிட்டர், பிரிண்டர் கேபிள் வீட்டில் கிடந்தால் அதன் பிளாஸ்டிக்கைக் கீறிக் கோரை எடுக்கலாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அதுவும் ஃபெரைட்டாக இருக்கும், ஆனால் நிலையான காந்தமாக்கிய வேறு வகை. நமக்குத் தேவையான கோரை காந்தம் இழுக்கும், அது தானாக எதையும் இழுக்காது.

துளையின் அளவையும் பாருங்கள். 5, 7, 9, 13 மில்லிமீட்டர் துளைகளில் கிளிப் கோர் கிடைக்கும். கேபிளைவிடப் பெரிய துளையுள்ளதை எடுங்கள், கேபிளை அதில் பல சுற்று சுற்ற வேண்டியிருக்கும். தூக்கும்போது கவனம். பீங்கான்தானே, டைல்ஸ் தரையில் விழுந்தால் உடைந்துவிடும்.

மாட்டும் முறை

இங்கேதான் கணக்கு முக்கியம். கேபிள் துளைக்குள் ஒரு முறை போனால் ஒரு சுற்று. அதிலேயே சுற்றி இன்னொரு முறை விட்டால் இரண்டு. தடுக்கும் திறன் சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும். மூன்று சுற்று என்றால் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. மூன்று தனிக் கோர்களை வரிசையாக மாட்டினாலோ மூன்று மடங்குதான். ஆகவே ஐந்து கோர் வாங்கி வரிசையாகக் கோர்ப்பதைவிட, பெரிய துளையுள்ள ஒன்றில் மூன்று நான்கு சுற்று போடுவது எப்போதும் மேல். அதற்காகப் பதினைந்து இருபது என்று நெருக்கிச் சுற்றினால், சுற்றுகளுக்கு இடையே அலை தாவிவிடும். உயர்ந்த அதிர்வெண்களில் பயன் குறையும்.

சாதாரணக் கிளிப் கோரில் ஒரே சுற்று, 100 மெகாஹெர்ட்ஸில் பொதுவாக 100 முதல் 300 ஓம் வரை தடை தரும். மத்திய அலையில் அதே கோர் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. வானொலிப் பேச்சு நுழைகிறதென்றால் அது மத்திய அலையில் வரும் ஏஎம் வகை. நாகர்கோவில் பண்பலை நிலையத்தின் கோபுரம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அதன் பேச்சு இப்படித் தெளிவாக விழாது. ஏஎம் அலையைத் தடுக்க 61 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய வளையக் கோரில் பத்துக்கு மேல் சுற்ற வேண்டும்.

மாட்டும் இடம், சத்தம் நுழையும் கருவிக்கு ஒட்டி. கேபிளின் நடுவில் மாட்டினால் கோருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இடையில் உள்ள மிச்ச வயர் மறுபடி ஆன்டெனா ஆகிவிடும். அடாப்டர்தான் இரைச்சலை அனுப்புகிறது என்றால் கோரை அடாப்டர் பக்கம் ஒட்டிப் போடுங்கள். கிளிப்பை மூடும்போது இரண்டு பாதிகளும் தூசியில்லாமல் ஒட்டி, "டக்" என்று சத்தம் வர வேண்டும். கேபிள் பருமனாகி மூடி முழுதாக விழாமல் இடைவெளி விட்டால் திறனில் பெரும்பகுதி போய்விடும்.

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு, கருப்பு இரண்டையும் சேர்த்தே ஒரே துளைக்குள் விடுங்கள். ஒன்றை மட்டும் விட்டால் பாட்டின் மின்னோட்டமே கோரைக் காந்தமாக்கும், ஒலி கெடும். கரண்ட் வயரும் அப்படித்தான், மேல் உறையை வெட்டாமல் முழு வயரையும் விடுங்கள். மூன்று கம்பி வயர் பருமனாக இருப்பதால் கிளிப் கோரில் ஒரு சுற்றுதான் கொள்ளும். அங்கே மட்டும் இரண்டு மூன்று கோர்களை வரிசையாகப் போடுவதில் தவறில்லை. ஆர்சிஏ கேபிளில் இடது, வலது இரண்டையும் சேர்த்து ஒரே கோரில் சுற்றலாம். ஆப்டிகல் கேபிளுக்கு எதுவும் வேண்டாம்.

குளச்சலில் உறவினர் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது எல்லாம் சேர்ந்து விளங்கும். ஷோகேஸில் ஆம்ப்ளிபையர், அதன் பக்கத்து அலமாரியில் படகோடு பேசும் கையடக்க விஎச்எஃப் வயர்லெஸ் செட். "அண்ணே, மச்சான் பேசுனா ஒண்ணும் ஆகல. இங்கேருந்து நாங்க பட்டனை அமுக்கிப் பேசும்போதுதான் டப் டப்புன்னு அடிக்குது" என்றாள் தங்கை. அவள் சொன்னதிலேயே விடை இருந்தது. கடலில் இருப்பவர் அனுப்பும் அலை வீட்டுக்கு வரும்போது மெலிந்துவிடும். இங்கேயிருந்து 5 வாட்டில் அனுப்புவது பக்கத்திலேயே பிறக்கிறது. பேச்சு கேட்காமல் "டப்" மட்டும் விழுந்ததும் சரிதான். விஎச்எஃப் செட் பேசுவது எஃப்எம் முறையில், அதில் அலையின் பலம் ஒரே அளவாக இருக்கும். பட்டனை அமுக்கும்போதும் விடும்போதும் மட்டுமே மாற்றம். வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் குறையவில்லை, ஆகவே ஸ்பீக்கர் வயர். கடல் விஎச்எஃப் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதன் அலைநீளத்தில் கால் பங்கு 48 சென்டிமீட்டர். சுவரோரம் ஓடிய பல மீட்டர் ஸ்பீக்கர் வயர் அதை விடுமா? செட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றியதில் பாதி குறைந்தது. ஆம்ப்ளிபையரின் பின்னால் ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் கிளிப் கோரில் மூன்று சுற்று போட்டதும் மீதியும் நின்றது.

மாட்டிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு கேபிளில் மட்டும் மாட்டி, அதே சத்தத்தை மறுபடி உண்டாக்கிக் கேளுங்கள். அடாப்டரை ஆன் ஆஃப் செய்யுங்கள், போனில் யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் கோரைக் கழற்றி இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பயன் தராத கோரை அங்கேயே விடாமல் அடுத்த கேபிளுக்கு எடுங்கள். வேலை செய்கிற கோர் நகராமல் இருபுறமும் கேபிள் டை போடுங்கள். கனமான கோர் தொங்கினால் பிளக்கின் சாலிடர் நாளடைவில் விட்டுவிடும்.

இடி மின்னலுக்கு இது பாதுகாப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி கேட்டால் கோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். அது இடி நெருங்குமுன் செய்ய வேண்டிய வேலை, தலைக்கு மேல் வெட்டும்போது வயரைத் தொடக்கூடாது.

எல்லாக் கேபிளையும் கழற்றி, கரண்ட் வயரில் கோரும் மாட்டிய பிறகும் சத்தம் வந்தால் பழுது உள்ளே. பில்டர் கெபாசிட்டர் வீங்கியிருக்கலாம், சாலிடர் விட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது வால்யூமைக் குறைத்தால் என்ன ஆகிறது, எதைக் கழற்றினால் என்ன ஆகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று உடனே தெரிந்துவிடும்.